‘மனசை லேசா வெச்சுக்கோ, தானா நடக்கும்’: ஒரு அறிவுரையின் எண்பது வருட வரலாறு

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு அறிவுரையைப் பத்தினது. கல்யாணமாகி ரெண்டு மூணு வருஷம் ஆகியும் ஒரு பொண்ணுக்குக் குழந்தை இல்லைன்னா, அத்தையோ சித்தியோ ஆபீஸ்ல பக்கத்து சீட் அக்காவோ, யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாம இருக்க மாட்டாங்க: “ரொம்ப யோசிக்காதம்மா. மனசை லேசா வெச்சுக்கோ. தானா நடக்கும்.” சொல்றவங்க பெரும்பாலும் நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க. கேக்கிறவங்க காதுல மட்டும் அது வேற மாதிரி விழுது. அப்போ இதுவரைக்கும் நடக்காததுக்குக் காரணம் என் மனசா?

இது பாட்டி காலத்து ஞானம் மாதிரி தோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம பாட்டிங்க அரச மரத்தைச் சுத்தச் சொன்னாங்க, விரதம் இருக்கச் சொன்னாங்க, கோயில் மரத்துல தொட்டில் கட்டச் சொன்னாங்க. பழியைக் கிரகத்து மேலயோ போன ஜென்மத்து மேலயோ போட்டாங்க. ‘மலடி’ங்கிற கொடுமையான வார்த்தையும் அவங்க காலத்துதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா “உன் டென்ஷன்தான் காரணம்”ங்கிறதுக்கு டாக்டர் கையெழுத்து கிடைச்சது 20ஆம் நூற்றாண்டுல, பெரும்பாலும் அமெரிக்காவுல. அந்தக் கையெழுத்தை அழிக்கப் போராடினதும், அப்புறம் அதே அறிவுரை மொபைல் ஆப் வடிவத்துல திரும்பி வந்ததும்தான் இன்னைக்குக் கதை.

பாஸ்டன் நகரத்தை மனசுல வெச்சுக்கோங்க. இந்தக் கதையில முக்கியமான ஆட்கள் நாலு பேர் அந்த ஊரைச் சுத்தியே இருந்தவங்க.

மறுக்க முடியாத குற்றச்சாட்டு

முதல் ஆள் ஹெலன் டாய்ச். சிக்மண்ட் ஃபிராய்டின் சிஷ்யை, வியன்னாவுல பேர் வாங்கின மனப்பகுப்பாய்வாளர். 1930களின் நடுவில் ஐரோப்பாவை விட்டு மாசசூசெட்ஸுக்குக் குடியேறினார். 1944லயும் 1945லயும் ரெண்டு பாகமா ‘பெண்களின் உளவியல்’னு ஒரு பெரிய புத்தகம் எழுதினார். தாய்மையைப் பத்தின ரெண்டாவது பாகத்துல, உடல்ல குறை எதுவும் இல்லாம குழந்தை இல்லாத பெண்களுக்கு ஆழ்மனசுல தாய்மை மேல ஒரு பயமோ எதிர்ப்போ இருக்கலாம்னு சொல்லி, அந்தப் பெண்களை வகை வகையாப் பிரிச்சார். 1952ல சிகாகோவைச் சேர்ந்த தெரீஸ் பெனடெக் இன்னும் ஒரு படி மேல போனார். குழந்தையின்மைங்கிறது மனசு உடல் வழியா எடுத்துக்கிற தற்காப்பு, அதாவது தாயாகிறதுலேர்ந்து தன்னைக் காப்பாத்திக்கிற வழின்னு ஒரு கட்டுரை. அது வெளியான இதழோட பேர் ‘ஃபெர்டிலிட்டி அண்ட் ஸ்டெரிலிட்டி’. அந்தத் துறையோட முக்கியமான மருத்துவ இதழ். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இந்தக் கோட்பாட்டோட வில்லங்கம் என்னன்னா, இதை மறுக்கவே முடியாது. “எனக்குக் குழந்தை வேணும், அதுக்காகத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்”னு அந்தப் பொண்ணு சொன்னா, “அது வெளிமனசு சொல்றது, உள்மனசுக்கு வேண்டாம்”னு பதில் ரெடியா இருக்கு. அழுதா அது ஆதாரம். அழலைன்னா அதுவும் ஆதாரம்.

ஏன் இப்படி ஒரு கோட்பாட்டை படிச்ச டாக்டர்கள் ஏத்துக்கிட்டாங்க? அன்னைக்கு அவங்ககிட்ட இருந்த பரிசோதனைகள் ரொம்பக் குறைவு. வயித்துல சின்ன துளை போட்டு உள்ளே பாக்கிற லேப்ராஸ்கோப்பி பரவலா வரல. ஹார்மோன் அளவைத் துல்லியமா அளக்கிற வசதி இல்லை. அதனால ‘காரணம் தெரியவில்லை’ங்கிற பெட்டி ரொம்பப் பெருசா இருந்தது. எங்க தொழில்ல ஒரு கெட்ட பழக்கம் உண்டு. லாக்ல எரர் எதுவும் தெரியலைன்னா, ‘யூசர் எரர்’னு போட்டு டிக்கெட்டை மூடிடுவோம். 1950கள்ல மகப்பேறு மருத்துவம் செஞ்சதும் கிட்டத்தட்ட அதேதான். லாக் எழுதுற வசதி வர வர, 60கள்லயும் 70கள்லயும் அந்தப் பெட்டி சுருங்கிக்கிட்டே வந்தது. குழாய் அடைப்பு, எண்டோமெட்ரியோசிஸ், முட்டை வெளியாகாதது, விந்தணு எண்ணிக்கைன்னு ஒவ்வொண்ணாக் காரணம் தெரிய ஆரம்பிச்சது. குழந்தை இல்லாத ஜோடிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணமோ பங்கோ இருக்குங்கிறது இன்னைக்கு சாதாரண மருத்துவ அறிவு. டாய்ச் புத்தகத்துல சோஃபாவுல படுக்க வெச்சு ஆராயப்பட்டது என்னவோ மனைவி மட்டும்தான்.

எம்ஐடியும் சமையலறையும்

ரெண்டாவது ஆள் ஜோசஃப் வைஸன்பாம். பாஸ்டனை ஒட்டின கேம்பிரிட்ஜ்ல, எம்ஐடி பேராசிரியர். 1966ல ‘எலைசா’ங்கிற புரோகிராமை வெளியிட்டார். நீங்க டைப் பண்றதை ஒரு மனநல ஆலோசகர் மாதிரி கேள்வியாத் திருப்பிக் கேக்கும். “நான் சோகமா இருக்கேன்”னா, “ஏன் சோகமா இருக்கீங்க?” அவ்வளவுதான். உள்ளே இருந்தது வார்த்தைகளைத் தேடி மாத்திப் போடுற சாதாரண விதிகள். இதை நல்லாத் தெரிஞ்ச அவரோட செக்ரட்டரியே, எலைசாவோட கொஞ்ச நேரம் பேசினதும், அவரை ரூமை விட்டு வெளியே போகச் சொன்னாராம். வைஸன்பாம் ஆடிப் போய்ட்டார். 1976ல மனுஷங்க செய்ய வேண்டிய சில வேலைகளை மெஷின்கிட்ட கொடுக்கக் கூடாதுன்னு ஒரு புத்தகமே எழுதினார்.

அவர் எலைசாவை எழுதி எட்டு வருஷம் கழிச்சு, கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்து ஊரான பெல்மான்ட்ல, கம்ப்யூட்டரே இல்லாம ஒரு காரியம் நடந்தது. பார்பரா எக் மென்னிங்னு ஒரு நர்ஸ். அவருக்கே குழந்தை பிறக்கல. 1974ல தன்னை மாதிரி இருந்த சில பெண்களைத் தன் வீட்டுச் சமையலறை மேசைக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசினார். அதுதான் ‘ரிசால்வ்’ங்கிற அமைப்போட தொடக்கம். இன்னைக்கு அது அமெரிக்கா முழுக்க இருக்கிற தேசிய அமைப்பு.

மென்னிங் செஞ்ச பெரிய விஷயம் என்னன்னு கேட்டா, அம்புக்குறியோட திசையை மாத்தினார்னு சொல்லுவேன். மனசு சரியில்லாததால குழந்தை இல்லைங்கிறதை, குழந்தை இல்லாததால மனசு உடையுதுன்னு திருப்பினார். 1977ல குழந்தையில்லாத தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். 1980ல ஒரு மருத்துவ இதழ்ல, குழந்தையின்மையில இருக்கிற தம்பதிகளோட மனத்தேவைகளைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். எந்த இதழ்? அதே ‘ஃபெர்டிலிட்டி அண்ட் ஸ்டெரிலிட்டி’. பெனடெக் குற்றப்பத்திரிகை எழுதி 28 வருஷம் கழிச்சு, அதே பக்கங்கள்ல ஒரு நர்ஸ் பதில் மனு போட்டார்.

அதிர்ச்சி, நம்ப மறுக்கிறது, கோபம், ஒதுங்கிப் போறது, குற்றவுணர்வு, துக்கம்னு ஒவ்வொண்ணா அவர் விவரிச்சார். இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது துக்கம். ஒருத்தர் இறந்துட்டா ஊரே கூடும், பால் ஊத்துவாங்க, காரியம் பண்ணுவாங்க, பதினாறாம் நாள் சாப்பாடு போட்டு அனுப்புவாங்க. துக்கத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கு. ஒவ்வொரு மாசமும் வராத ஒரு குழந்தைக்காக அழறவளுக்கு எந்தச் சடங்கும் இல்லை. துக்கம் விசாரிக்க யாரும் வர மாட்டாங்க. வந்தா “விசேஷம் எதுவும் இல்லையா?”ன்னு விசாரிக்கத்தான் வருவாங்க. பெல்மான்ட் மேசைக்கு வந்தவங்களுக்குக் கிடைச்சது சிகிச்சை இல்லை. துக்கம் விசாரிக்க நாலு பேர்.

1978ல இங்கிலாந்துல லூயிஸ் பிரவுன் பிறந்தப்புறம் எல்லாம் வேகமா மாறிடுச்சு. ஐவிஎஃப் நம்பிக்கையைக் கொண்டு வந்தது, கூடவே ஊசி, ஸ்கேன், காத்திருப்பு, பில். பிரிட்டன்ல மேரி வார்னாக் தலைமையிலான குழு 1984லேயே ஆலோசனை கட்டாயம் கிடைக்கணும்னு சொன்னது; 1990 சட்டத்துல அது ஒரு நிபந்தனையாவே வந்துடுச்சு. மாசசூசெட்ஸ் மாநிலம் 1987ல இன்சூரன்ஸ் கம்பெனிகள் குழந்தையின்மை சிகிச்சைக்குப் பணம் கொடுத்தே ஆகணும்னு சட்டம் போட்டது. இதோட ஒரு பக்கவிளைவு ஆராய்ச்சிக்கு ரொம்ப உதவியா இருந்தது. பணப் பிரச்சனை இல்லாத இடத்துலயும் நிறையப் பேர் சிகிச்சையைப் பாதியில விட்டாங்க. ஏன்னு பின்னாடி அங்கேயே விசாரிச்சப்ப, அவங்க சொன்ன காரணங்கள்ல முதல்ல நின்னது மன அழுத்தம். இதுக்கு மேல தாங்க முடியலை. அவ்வளவுதான்.

55, 54, 20

அதே 1987ல பாஸ்டன்ல ஆலிஸ் டோமார்ங்கிற உளவியலாளர், குழந்தையின்மையில இருக்கிற பெண்களுக்குன்னு ஒரு குழுப் பயிற்சி ஆரம்பிச்சார். உடலைத் தளர்த்துறதால வர்ற நன்மைகளைப் பத்தி எழுதிப் புகழ்பெற்ற ஹெர்பர்ட் பென்சனோட வேலை பாத்தவர். பத்து வாரப் பயிற்சி. மூச்சு, தியானம், யோகா, எதிர்மறை எண்ணங்களைப் பிடிச்சு நிறுத்தி ‘இது நிஜமா?’ன்னு கேக்கிற சிபிடி முறை, கூடவே மத்தவங்களோட பேச்சு.

1993ல டோமார் குழு வெளியிட்ட ஒரு ஆய்வு, டாக்டர்களோட பார்வையையே மாத்தினது. குழந்தையின்மையில இருந்த பெண்களோட மனச்சோர்வையும் பதற்றத்தையும் மத்த நோயாளிகளோட ஒப்பிட்டாங்க. புற்றுநோய் இருந்தவங்க, இதய நோயிலேர்ந்து மீண்டுக்கிட்டு இருந்தவங்க அளவுக்கே இவங்க மதிப்பெண்ணும் இருந்தது. “இதுக்கெல்லாமா அழுவாங்க?”ன்னு கேட்டவங்களுக்கு அதுதான் பதில்.

அடுத்தது 2000ல வந்த ஆய்வு. மறுபடியும் அதே இதழ். 184 பெண்களை மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒண்ணு சிபிடி பயிற்சி, ஒண்ணு வெறும் ஆதரவுக் குழு, மூணாவதுக்கு எதுவும் இல்லை. ஒரு வருஷத்துல கர்ப்பம் நிலைச்சவங்க முறையே 55, 54, 20 சதவீதம்.

இந்த மூணு எண்ணும் காட்டுத்தீ மாதிரி பரவினது. ஏன்னு புரியுது. எந்த மருந்துக்கும் இந்த அளவு வித்தியாசம் கிடைச்சிருந்தா மார்க்கெட்டே கவுந்திருக்கும். ஆனா எண்களைக் கொஞ்சம் தட்டிப் பாத்தா சந்தேகம் வரும். எதுவும் கொடுக்கப்படாத குழுவுல நிறையப் பேர் பாதியிலேயே விலகிட்டாங்க. மிஞ்சினவங்களை வெச்சுக் கணக்குப் போட்டா, அந்த 20ஐ எவ்வளவு நம்பலாம்? ஏ/பி டெஸ்ட் பண்றவங்களுக்கு இந்த வலி தெரியும்.

2011ல பிரிட்டனோட கார்டிஃப்ல இருக்கிற ஜாக்கி பாய்வின் குழு பிஎம்ஜே இதழ்ல ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. 14 ஆய்வுகள், 3,583 பெண்கள். கேள்வி ஒண்ணே ஒண்ணு. சிகிச்சைக்கு முன்னாடி இருந்த மன அழுத்தம், அந்தச் சுற்றுல கர்ப்பமாகிறதைப் பாதிச்சதா? பதில்: இல்லை. அழுத்தத்தோட உள்ளே போனவங்களுக்கும் அமைதியாப் போனவங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

இந்த இடத்துல எபிசோடைக் கொஞ்சம் நிறுத்தி ரெண்டு தடவை கேளுங்கன்னு சொல்லத் தோணுது. “உன் டென்ஷனாலதான் ஐவிஎஃப் ஃபெயில் ஆச்சு”ன்னு தன்னைத்தானே தின்னுக்கிட்டு இருக்கிற ஒரு பொண்ணுக்கு, இந்தத் தொகுப்பாய்வைவிடப் பெரிய ஆறுதல் எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்லை. நீ அழுததால அது போகலை.

வாதம் அதோட முடிஞ்சிடலை. மன ஆதரவு கொடுத்தா கர்ப்ப வாய்ப்பு கூடும்னு சொல்ற ஆய்வுகள் அதுக்கப்புறமும் வந்துக்கிட்டுதான் இருக்கு. 2016ல காக்ரேன் அமைப்பு 39 ஆய்வுகளை, 4,925 பேரோட தரவை, அலசிட்டு ஆதாரத்தோட தரம் ரொம்பக் குறைவு, உறுதியா எதையும் சொல்ல முடியாதுன்னு முடிச்சது. என் பார்வை இது: கேள்வியையே தப்பா வெச்சிருக்கோம். புற்றுநோயாளிக்கு மன ஆதரவு கொடுக்கிறப்ப, “இதனால கட்டி சுருங்குமா?”ன்னு யாரும் கேக்கிறதில்லை. வலியில இருக்காங்க, அதனால கொடுக்கிறோம். குழந்தை இல்லாத பொண்ணுக்கு மட்டும் ஆறுதல்கூட ஒரு முதலீடா இருக்க வேண்டியிருக்கு, ரிட்டர்ன் காட்டினாத்தான் அனுமதி.

திரைக்குள்ள வந்த மேசை

சரி, டிஜிட்டலுக்கு வருவோம். 90கள்ல யூஸ்நெட்ல ‘ஆல்ட் டாட் இன்ஃபெர்ட்டிலிட்டி’ மாதிரி குழுக்கள் இருந்தது. நேர்ல சொல்ல முடியாததைப் பேர் இல்லாம எழுதினாங்க. பெல்மான்ட் மேசையோட நீட்சிதான் அது, ராத்திரி ரெண்டு மணிக்கும் திறந்திருக்கிற மேசை. கரு வெச்ச பிறகு ரிசல்ட் தெரியற வரைக்கும் இருக்கிற ரெண்டு வாரக் காத்திருப்புக்கு அவங்களுக்குள்ள ஒரு சுருக்கெழுத்தே உருவாச்சு. ஒரு சமூகம் தனக்குன்னு வார்த்தை உண்டாக்கிக்கிறதுன்னா, அதுக்கு முன்னாடி அந்த அனுபவத்துக்கு வார்த்தையே இல்லாம இருந்ததுன்னு அர்த்தம்.

அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் வந்தாங்க. 2008ல அமெரிக்காவுல மூணு மருத்துவ மையங்கள்லேர்ந்து 190 பெண்களை வெச்சு ஒரு இணையவழி ஆதரவுத் திட்டத்தைச் சோதிச்சாங்க. பெரிய அதிசயம் எதுவும் நடக்கலை. ஆனா சொந்தக்காரங்க, விசேஷங்கள், மத்தவங்க பேச்சு இதனால வர்ற அழுத்தம் குறைஞ்சது. மருத்துவ முடிவு எடுக்கிறப்ப விஷயம் தெரிஞ்சு எடுக்கிற தெம்பு கூடினது. எனக்கு இந்த மாதிரி அடக்கமான ரிசல்ட்தான் அதிகம் நம்பத் தோணுது.

அதே வருஷம் கார்டிஃப்ல டெபோரா லங்காஸ்டலும் பாய்வினும் சோதிச்சது ஆப்கூட இல்லை. ஒரு சின்ன அட்டை. அதுல பத்து வரி. ரெண்டு வாரக் காத்திருப்புல காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை படிக்கணும். நல்லதே நடக்கும்னு அந்த அட்டை சொல்லாது. நடக்கிறது நம்ம கையில இல்லாதப்ப, இன்னைய நாளை எப்படிப் பாக்கலாம்னு யோசிக்க வைக்கும். நெதர்லாந்துல நடந்து 2014ல வெளியான ஆய்வுலயும் இந்த அட்டை காத்திருக்கிறவங்களுக்கு உதவினது. பேட்டரி வேண்டாம், லாகின் வேண்டாம், டேட்டா எங்கேயும் போகாது. பொறியாளரா எனக்கு இது கொஞ்சம் பொறாமையா இருக்கு.

2017ல டோமாரும் எலிசபெத் கிரில்லும் சேர்ந்து ‘ஃபெர்டிகாம்’னு ஒரு ஆப் கொண்டு வந்தாங்க. மனசு உடையற 50க்கும் மேற்பட்ட சூழ்நிலைகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் உடனே செய்யக்கூடிய வழிகள் கொடுத்தது. நம்ம ஊருக்கு அந்தப் பட்டியலை எழுதினா முதல் வரி என்னன்னு உங்களுக்கே தெரியும்: நாத்தனார் வளைகாப்பு. 2020ல டோமாரோட பத்து வாரப் பயிற்சியை இணையத்துக்கு மாத்தி 71 பெண்களோட ஒரு முன்னோட்ட ஆய்வு வந்தது. மனச்சோர்வும் பதற்றமும் நல்லாவே குறைஞ்சது. கூடவே கர்ப்ப எண்ணிக்கையும்: பயிற்சி எடுத்தவங்கள்ல 53 சதவீதம், காத்திருந்தவங்கள்ல 20. செய்தித் தலைப்புல எது போகும்னு யூகிக்கிறது கஷ்டமில்லை. 71 பேர்ங்கிறது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. அதை வெச்சு “ஆப் போட்டா குழந்தை”ன்னு யாராவது விளம்பரம் பண்ணினா, அது ஹெலன் டாய்ச்சோட பழைய சரக்குதான், மாச சந்தாவுல வருது. ஏன்னா ஆப் போட்டும் கர்ப்பமாகாதவ என்ன நினைப்பா? தியானத்தைக்கூட என்னால ஒழுங்காப் பண்ண முடியலைன்னு நினைப்பா.

எலைசாவோட வாரிசுகளும் வந்தாச்சு. 2017ல அலிசன் டார்சிங்கிற உளவியலாளர் ‘வோபாட்’ ஆரம்பிச்சாங்க. பொதுவான மனநலத்துக்கான சாட்பாட், சிபிடி வழியில பேசும். லட்சக்கணக்கானவங்க பேசினாங்க. 2025 ஜூன் 30ஆம் தேதி அந்த ஆப்பை மூடிட்டாங்க. ஒரு சர்வீஸை மூடுறது எங்களுக்குத் தினசரி வேலை. ‘சன்செட்’னு அழகா ஒரு பேர்கூட வெச்சிருக்கோம். ஆனா அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அது பேசிக்கிட்டு இருந்த ஒருத்தர் எழுந்து போறது. மென்னிங்கோட மேசைக்கு வந்தவங்க ஒருத்தர் ஃபோன் நம்பரை ஒருத்தர் வாங்கி வெச்சிருப்பாங்க. அமைப்பே மூடினாலும் அந்த நட்பு நிக்கும். பாட் மூடினா உங்ககிட்ட என்ன மிஞ்சும்?

யாரெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காங்க

எலைசாகிட்ட பேசின செக்ரட்டரி ரூம்லேர்ந்து தன் முதலாளியை வெளியே அனுப்பிட்டார். ரூம் காலி. இன்னைக்கு நம்ம ஃபோன்ல அந்த ரூமைக் காலி பண்ண முடியுமா?

2019ல வால்ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு விசாரணை வெளியிட்டது. மாதவிடாய் நாட்களைக் கணக்கு வைக்கிற ‘ஃப்ளோ’ ஆப், ஒரு பொண்ணு கர்ப்பமாக விரும்புறதா பதிவு பண்ணினா, அதை ஃபேஸ்புக்குக்கு அனுப்பினதுன்னு காட்டினாங்க. 2021ல அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி அந்த வழக்கை ஒரு உடன்பாட்டுல முடிச்சது. 2023ல ‘ப்ரீமாம்’. இது கர்ப்பமாக முயற்சி பண்றவங்களுக்குன்னே இருக்கிற ஆப். பயனர் தகவலை வெளியாருக்குப் பகிர்ந்ததா சொல்லி ஒரு லட்சம் டாலர் அபராதம். அதே வருஷம் ஆன்லைன் மனநல ஆலோசனை நடத்துற ‘பெட்டர்ஹெல்ப்’ விளம்பரத்துக்காகத் தகவல் பகிர்ந்த குற்றச்சாட்டுல 78 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டது. அதாவது கருத்தரிப்பு ஆப்பும் மாட்டினது, மனநல ஆப்பும் மாட்டினது. நம்ம எபிசோடு இந்த ரெண்டும் சந்திக்கிற இடத்தைப் பத்தினது.

இதுல கெட்ட எண்ணம்கூட அவசியமில்லைங்கிறதுதான் பயம். ஆப் எழுதுறப்ப அனலிட்டிக்ஸுக்குன்னு யாரோ கொடுத்த ஒரு எஸ்டிகேயைச் சேர்ப்போம். பத்து நிமிஷ வேலை. பட்டனுக்கு வெச்ச பேரு அப்படியே அந்தப் பக்கம் போகும். பட்டன் பேரு ‘கார்ட்டுல சேர்’னா பரவாயில்லை. ‘கர்ப்பம் கலைந்தது’ன்னு இருந்தா? 2018ல வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையைச் சேர்ந்த ஜில்லியன் பிராக்கெல், தன் குழந்தை இறந்தே பிறந்த பிறகும் குழந்தைப் பொருள் விளம்பரங்கள் துரத்தினதைப் பத்தி டெக் கம்பெனிகளுக்கு ஒரு வெளிப்படையான கடிதம் எழுதினார். கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு உங்க அல்காரிதம் கெட்டின்னா, இழப்பையும் கண்டுபிடிக்க முடியாதாங்கிறதுதான் அவர் கேள்வி. அந்தக் கேள்விக்கு எங்க துறை இன்னும் ஒழுங்கா பதில் சொல்லலை.

நம்ம ஊர்ல இன்னொரு அடுக்கு இருக்கு. ஃபோன் பாஸ்வேர்டு புருஷனுக்குத் தெரியும், சில வீட்டுல மாமியார் கையிலயும் இருக்கும். இந்தியாவுல 2021ல வந்த ஏஆர்டி சட்டம், சிகிச்சையோட விளைவுகள், வெற்றி வாய்ப்பு பத்தித் தம்பதிகளுக்கு முறையான ஆலோசனை கொடுக்கணும்னு மையங்களுக்குக் கடமை வெச்சிருக்கு. காகிதத்துல நல்ல வரி. ஆனா வெற்றி வாய்ப்பை விளக்குறது வேற, மூணாவது தடவை தோத்துட்டு வெளியே வர்றவ பக்கத்துல உக்கார்றது வேற. பெருமாள்முருகனோட ‘மாதொருபாகன்’ வந்து, தடை கேட்டு ஊரே கொந்தளிச்சு, 2016ல சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது வரைக்கும் நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த நாவல்ல பொன்னாவைப் படுத்துறது உடம்பு இல்லை, ஊர் வாய். இணையத்துல தமிழ்ல ஃபெர்டிலிட்டி பத்தித் தேடிப் பாருங்க. பாக்கேஜ் விலை, சக்ஸஸ் ரேட், ஈஎம்ஐ எல்லாம் கிடைக்கும். ஊர் வாயைச் சமாளிக்கத் தமிழ்ல ஒரு பத்து வரி அட்டை கிடைக்குதான்னு பாருங்க.

யாராவது இதை ஒரு வார இறுதி புராஜெக்டா எடுத்துச் செய்றதா இருந்தா, என் பக்கத்துலேர்ந்து ரெண்டு மூணு விண்ணப்பம். லாகின் வேண்டாம். வெளியார் எஸ்டிகே ஒண்ணுகூட வேண்டாம். ஆப் ஐகான்லயும் நோட்டிஃபிகேஷன்லயும் குழந்தை படம் வேண்டவே வேண்டாம், பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க பாப்பாங்க. டேஷ்போர்டுல கர்ப்ப எண்ணிக்கையை அளக்காதீங்க. அவங்க நேத்து ராத்திரி தூங்கினாங்களான்னு கேளுங்க. கணவருக்கும் ஒரு பக்கம் வைங்க. அவர் பேசவே மாட்டார்னு முன்கூட்டியே முடிவு பண்ணாதீங்க.

இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற யாருக்காவது இப்பவே பேசணும்னு தோணினா, மத்திய அரசோட டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபர்லேர்ந்து இயங்குது, கட்டணம் இல்லை, தமிழ்லயே பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. குழந்தையின்மைக்குன்னு தனி லைன் கிடையாது. ஆனா எடுக்கிறது ஒரு மனுஷர்.

அடுத்த எபிசோடுல பாப்போம்.